தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு விதிகள் நான்கு.
கூட்டாதே. குறைக்காதே. வெளியே சொல்லாதே.
நாலாவது:
‘அவள் சொல்கிறாள்’ என்று தொடங்காதே.
அவள் ‘நான்’ என்றால்
நீயும் ‘நான்’ என்றே சொல்.

மால்மோவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
கர்ப்பிணிகள் நிலையத்தின் வாசலில்
காலணிக்கு மேல் மாட்ட நீல நெகிழி உறைகள்.
குனிய முடியாதவர்கள் எல்லோரும்
குனிந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கெலா படிவத்தைத் திருப்புகிறாள்.
இரத்த வகை, சர்க்கரை, புகைப்பழக்கம்,
பிறகு குரல் மாறாமல்
(மாறக்கூடாது என்று பயிற்சி)
பதினேழாவது கேள்வி.
‘உங்களை யாராவது, எப்போதாவது…’
அந்த மூன்று புள்ளிகளையும் சேர்த்து
அரபியில் சொல்கிறேன்.

அத்பராவிலிருந்து வந்த இக்லாஸ் சிரித்தாள்.
சிரிப்பை மொழிபெயர்க்க வழியில்லை, காத்திருந்தேன்.
பிறகு என் வாய் ஸ்வீடிஷில் சொன்னது:
‘மாமா வீட்டில் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது.
இப்போது பிள்ளை புரளும்போதெல்லாம்
யாரோ உள்ளே கைவிட்டதுபோல் திடுக்கிடுகிறேன்.
இதை ஒரு தாய் சொல்லலாமா?’
இங்கெலா என்னைப் பார்க்கவில்லை,
இக்லாஸைப் பார்த்தாள்.
அதுவும் பயிற்சிதான்.

ஸூக்கைனா கேட்டாள்:
‘முடியைப் பிடித்து இழுத்தால்
அது அடியில் சேருமா?’
சேரும், என்றாள் இங்கெலா.
ஒற்றைச் சொல்.
அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.
கூட்டவில்லை. மெதுவாக மட்டும்.

தைர் அஸ்ஸோர்க்காரி
என் பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.
‘இவளை வெளியே அனுப்புங்கள்,
இவளுக்கு எங்கள் ஆட்களைத் தெரியும்.’
அதையும் நான்தானே சொல்ல வேண்டும்.
‘இவளை வெளியே அனுப்புங்கள்’ என்றேன்
பிழையில்லாத ஸ்வீடிஷில்,
சொல்லிவிட்டு என் பையை எடுத்துக்கொண்டேன்.

வெளியே யில்வா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
பள்ளியில் வரலாறு எடுப்பவள்,
இந்த ஊரிலேயே பிறந்தவள்.
சுளையின் மேல் ஒட்டிய வெள்ளை நாரை
ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக,
கடைசிவரை தின்னவில்லை.
அவள் முறை வந்தது.
ஒரு மணி நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது,
நாற்காலியில் சுளைகள் காய்ந்திருந்தன.
அவளுக்கு என் உதவி வேண்டியிருக்கவில்லை.
தாய்மொழி இருந்தும்
சொல் கிடைக்க அவ்வளவு நேரம்.

ஐந்தாம் எண் பேருந்தில் திரும்பும்போது
நாக்கை அண்ணத்தில் அழுத்தி வைத்திருப்பேன்.
இன்று ஒரு முறை ஒன்பது வயதானேன்.
இரண்டு முறை எனக்குத் திருமணமானது.
எல்லை தாண்டும் லாரியில்
தார்ப்பாயின் ஓட்டைகளை எண்ணினேன், பதினான்கு.
வீட்டில் ஃபிராஸ் கேட்பான், வேலை எப்படி?
வெளியே சொல்லாதே, மூன்றாம் விதி.
எவ்வளவு வசதியான விதி!

எனக்கும் இருபத்துநாலாம் வாரம்.
இங்கெலாவிடம் போகவில்லை.
ரயிலேறி லுண்ட் நகருக்குப் போனேன்,
அங்கே யாருக்கும் என் ‘நான்’ தெரியாது.
தூவா என்ற சின்னப் பெண்,
தாதி வேலைக்குப் புதுசு, கழுத்தில் படபடப்பு.
மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற இடத்தில்
‘இல்லை’ என்று குறித்திருந்தேன்.
இரத்த வகை, சர்க்கரை.
பதினேழுக்கு வந்தபோது அவள் குரல் மாறிவிட்டது,
இன்னும் பயிற்சி போதவில்லை.

கேள்வியை நான் மனப்பாடமாக அறிவேன்.
எத்தனை பேருக்கோ பதில் சொல்லியிருக்கிறேன்.
வாய் திறந்தேன். ‘நான்’ வரவில்லை.
தண்ணீர் குடித்தேன்.
இன்னொரு முறை திறந்தேன்.

‘அவள் சொல்கிறாள்’ என்றேன்,
‘அவளுக்கு அப்போது பதினொரு வயது.
மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
அவள் சொல்கிறாள், சட்டையின் பொத்தான்கள்
மஞ்சள் நிறம்.’

தூவா திருத்தவில்லை.
படிவத்தில் எதையும் எழுதவுமில்லை.
நாற்காலியை ஒரு சாண் அருகே இழுத்து,
‘அவள் வேறு என்ன சொல்கிறாள்?’ என்றாள்.

நாலே முக்கால் ரயில் போனது.
அதற்கடுத்ததும்.